சம்பந்தியம்மாளுக்கு மேற்குக் கரையைச் சுற்றிக் காட்டியது

காயோஸ், பாக்ஸோஸ் தீவு
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

மெல்பர்ன் நகரில் கணவரோடும் பிள்ளைகளோடும் முழங்கால் வலியோடும் வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய தமக்கை ரெஜினா அவர்களுக்குத் தம்பி அர்ஸெனிஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கள் உடல்நிலை, அத்தானின் உடல்நிலை, புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் உடல்நிலை அனைத்தையும் அறிந்து மகிழ்ந்தோம். இங்கே ஆலிவ் மரங்கள் காய் பிடித்துவிட்டன. செக்கு நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரி ஸ்டமாதெல்லாவும் நன்றாக இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. இந்தச் செய்தியைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசி காப்பிக்கடையில் இருக்கிறது. நான் 'ஹலோ' என்று சொன்னதும் சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாரம் ஏற்கெனவே போதுமான பொழுதுபோக்கைக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நம் பெண் தோராவின் கல்யாணத்துக்காகத் தாங்கள் எடுத்த விமான டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கல்யாணம் நின்றுவிட்டது. தாங்கள் கடிதத்தில் சொன்ன யோசனையை ஒரு வரி விடாமல் நிறைவேற்றினோம் என்பதையும், அதன் பலனாகவே இது நடந்தது என்பதையும் நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

மாப்பிள்ளை லாம்ப்ரோஸ் நம் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவன், மெத்ஸோவோ மலைக்காரன், தங்கமான பையன் என்று முன்பே எழுதியிருந்தேன். அவனுடைய தாயார் எவான்தியா அம்மாள் விதவை, இவன் ஒரே பிள்ளை. கல்யாணத்துக்குச் சம்மதித்தவர் ஒரு நிபந்தனை போட்டார்: கோயிலில் கல்யாணக் கிரீடம் மாற்றிய கையோடு, இருவரும் மலைக்கு வந்துவிட வேண்டும். "நாலா பக்கமும் தண்ணியா இருக்கற எடத்துல எம்பிள்ளையை விட்டுட்டு என்னால தூங்க முடியாது" என்றார். எனக்கும் ஒரே பெண். நான் எப்படித் தூங்குவது? இதைத்தான் தங்களுக்கு எழுதிப் புலம்பினேன். தாங்களோ, "அந்த அம்மாளை மேமோஸின் படகில் ஏற்றி மேற்குக் கரையை ஒரு சுற்றுக் காட்டு. அந்தக் குகைகளைப் பார்த்தவர்கள் யாரும் இந்தத் தீவை விட்டுப் போக நினைக்க மாட்டார்கள்" என்று பதில் போட்டீர்கள். அந்தக் குகைகளை வாரம் தவறாமல் பார்த்து வளர்ந்த நீ ஆஸ்திரேலியா வரைக்கும் போய்விட்டாய் என்பது, அக்கா, எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மேமோஸ் என் மைத்துனன் என்பதால் அவனைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. சொல்ல வேண்டியதை அவன் அக்கா முன்னிலையில் சொல்லிப் பார்த்து, பலனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். படகு நமக்கு மட்டும்தான், காலையிலேயே கிளம்பிவிடலாம், காலைக் கடல் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும் என்று சத்தியம் செய்திருந்தான். நாங்கள் போனபோது படகில் ஜெர்மானியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் சிலர் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்தான்.

"அத்தான், அவங்க பாட்டுக்கு ஓரமா உக்காந்துக்குவாங்க. நம்ம பேச்சு ஒரு எழுத்து புரியாது. நீங்க தாராளமா சம்பந்தம் பேசலாம்" என்றான்.

அதற்குள் எவான்தியா அம்மாள் சதுக்கத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு. அதன்மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். முந்தின நாளே மேமோஸிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, விடுதி அறையிலேயே மாட்டிக்கொண்டு, கடைத்தெரு வழியாக நடந்தே வந்திருக்கிறார். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு முழுப் பாலாடைக்கட்டி. புகைபோட்டது, கல்யாண விருந்துக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதை அறையில் வைத்துவிட்டு வர அவருக்கு மனமில்லை. தீவுக்காரர்களை அவர் அவ்வளவுதான் நம்பினார். காப்பிக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். திருநாள் ஊர்வலத்துக்குக்கூட அவர்கள் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

படகு கிளம்பியதும் அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். "சம்பந்தி, உங்களுக்குக் கடல்னா பயம் கிடையாதா?"

"பயமா? கடல்லயே பொறந்து கடல்லயே வளர்ந்தவன் நான்" என்றேன்.

ஸ்டமாதெல்லா இருமினாள். பக்கத்துத் தீவான கோர்ஃபுவுக்குக் கப்பலில் போனால் நான் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு போவேன் என்பது உனக்குத் தெரியும். அதை எதிரே இருப்பவரிடம் சொல்லிக்கொண்டா பெண்ணைக் கட்டிக் கொடுப்பார்கள்? தென்முனை வரைக்கும் கடல் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. முனையைத் திரும்பி மேற்குப் பக்கம் வந்ததும், இவ்வளவு நேரம் ஜெர்மானியர்களின் முட்டைக்காகக் காத்திருந்ததன் அருமை புரிந்தது. வடமேற்குக் காற்று எழுந்துவிட்டிருந்தது. படகு ஏறியது, இறங்கியது, இறங்கும்போது என் வயிற்றை மேலேயே விட்டுவிட்டு இறங்கியது.

மேமோஸ் இதையெல்லாம் கவனிக்கிற ஆளில்லை. ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் மைக். வெள்ளைப் பாறைச் செங்குத்து வந்ததும் கனைத்துக்கொண்டான். "இதோ பாருங்க, இந்த உச்சியிலேருந்துதான் நம்ம அத்தானோட தாத்தா கடல்ல குதிச்சாரு. மாமியார் வாய்க்குப் பயந்துக்கிட்டு."

அக்கா, தாத்தா அங்கே உப்புப் பொறுக்கப் போனவர், கால் வழுக்கி விழுந்தார். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மைக்குக்கு முன்னால் நான் எங்கே போய்ச் சொல்வது?

எவான்தியா அம்மாள் பாறையை நிமிர்ந்து பார்த்தார். "செத்துட்டாரா?"

"இல்லீங்கம்மா. நீந்தி அந்தக் கரைக்குப் போனாரு. அங்க மாமியார் நின்னுக்கிட்டிருந்தாங்க."

ஜெர்மானியர்கள் கை தட்டினார்கள். ஒரு எழுத்து புரியாதவர்கள் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பதை எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ. அம்மாள் சிரிக்கவில்லை. "உங்க குடும்பத்துல மாமியாருங்கள இப்படித்தான் பேசுவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் பதிலுக்குப் பயன்படவில்லை.

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குனிய வேண்டும் என்பது கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் காற்றுக்கு எதிரே குனிந்தேன். போனதெல்லாம் திரும்பி வந்தது. வந்தது யார்மேலும் விழவில்லை என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பாலாடைக்கட்டியின் மேல் விழுந்திருந்தது.

அந்த அம்மாள் எழுந்து கிட்டே வந்தார். ஒரு கையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார், மலையில் நோயுற்ற கன்றுக்குட்டியைப் பிடிப்பார்களே, அப்படி. இன்னொரு கையால் கட்டியைத் துணியோடு தூக்கிக் கடலில் போட்டார். அது கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே மிதந்து வந்தது. "இன்னும் இருக்கா சம்பந்தி? இருந்தா வந்துடட்டும்" என்றார். ஒரு ஜெர்மன் பெண்மணி எனக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்தார். என் பெண் தோரா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாம்ப்ரோஸ் தோராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டமாதெல்லா யாரையும் பார்க்கவில்லை.

அப்புறம் படகு நீலக் குகைக்குள் நுழைந்தது. அக்கா, நியாயத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் காற்றும் இல்லை, ஆட்டமும் இல்லை. அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. எல்லோர் முகமும் நீலம். மேமோஸ்கூட மைக்கை அணைத்துவிட்டான். எவான்தியா அம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "இவ்வளவு அழகா ஒண்ணை வச்சுக்கிட்டு ஆண்டவன் எதுக்கு அதைத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வச்சான்?" என்று மெதுவாகக் கேட்டார். தோரா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த ஒரு கணம் உன் யோசனை பலித்துவிட்டது. அப்போதே யாராவது எங்களைப் படம் பிடித்து மாட்டியிருக்கலாம்.

எஞ்சின் நின்றது.

படகின் பின்பக்கக் கயிற்றை மேமோஸ் சுருட்டி வைக்காமல் விட்டிருந்தான். அது தண்ணீரில் விழுந்து எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. வெளியே எழும்பிய அலையெல்லாம் குகைவாயில் வழியாக வந்து படகைப் பின்சுவரை நோக்கித் தள்ள ஆரம்பித்தது. அந்தச் சுவரை நான் பார்த்தேன். அது அரம் மாதிரி இருந்தது.

"யாராச்சும் எறங்கி அறுத்துவிட்டா சரியாப் போயிடும்" என்றான் மேமோஸ்.

"நீ எறங்குடா."

"எனக்கு நீச்சல் தெரியாதே அத்தான்."

"படகு ஓட்டறவனுக்கு நீச்சல் தெரியாதா?"

"நீச்சல் கத்துக்கறவன் விழலாம்னு நெனைக்கறவன். எனக்கு அந்த எண்ணமே கெடையாது."

இந்தத் தத்துவத்தை நான் மெச்சி முடிப்பதற்குள் தொபுக்கென்று சத்தம் கேட்டது. லாம்ப்ரோஸ் சட்டையோடு குதித்துவிட்டான். வாயில் ரொட்டி வெட்டுகிற கத்தி. அம்மாள் எழுந்து நின்றார். கத்தவில்லை. "அவனுக்கு நீந்தத் தெரியாது" என்று மட்டும் சொன்னார், எங்களிடம் இல்லை, அந்தத் தண்ணீரிடம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை மரக்கட்டை மாதிரி இருந்தது. கீழே நீல வெளிச்சத்தில் அவன் ஒரு மீனைப் போல வளைந்து படகுக்கடியில் போவதை எல்லோரும் பார்த்தோம். ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டான், மறுபடி போனான். சுவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஜெர்மானியர்கள் துடுப்பாலும் காலாலும் அதைத் தள்ளிப் பிடித்தார்கள், அவர்களை நான் இனிமேல் குறை சொல்ல மாட்டேன். கயிறு அறுந்தது. எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. லாம்ப்ரோஸ் கயிற்றுத் துண்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று சிரித்தான்.

அம்மாள் திரும்பினார். "யார் கத்துக் குடுத்தது?"

"நான்தான் அத்தை" என்றாள் தோரா.

"எப்போலேருந்து?"

"போன வருஷ வெயில் காலத்துலேருந்து. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

சொல்லாமலிருக்க முடிவெடுத்தது லாம்ப்ரோஸ்தான் என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. பெண் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஈரத்தோடு ஏறி வந்தவனைத் தாயாரும் தோராவும் துண்டால் துடைத்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கு ஒரு தோளை. துறைமுகம் வந்து சேரும்வரை எவான்தியா அம்மாள் அந்த ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே வந்தார். நான் வழியெல்லாம் தோராவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவள் மலைக்குப் போனாலும் பரவாயில்லை, பனியில் கிடந்தாலும் பரவாயில்லை, இந்தப் பையனோடு இருந்தால் போதும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ரொம்பத் தாமதமாகத் தோன்றியது. இறங்கியதும் அம்மாள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து மேமோஸ் கையில் கொடுத்தார். "நாளைக்கு மொதக் கப்பல்ல நான் ஊருக்குப் போறேன்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் போயும் விட்டார். மகனிடம்கூடக் காரணம் சொல்லாமல் போனால் கல்யாணம் நின்றது என்றுதானே அர்த்தம்?

மேமோஸ் மட்டும் என் தோளைத் தட்டினான். "அத்தான், மொத்தத்துல பார்த்தா நல்லாத்தான் போச்சு. ஜெர்மன்காரங்க நாளைக்கும் வர்றாங்களாம்."

தோரா அறையை விட்டு வெளியே வருவதில்லை. லாம்ப்ரோஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எங்கள் வாசலில் நின்றுவிட்டுப் போகிறான். ஸ்டமாதெல்லா இதற்கெல்லாம் காரணம் என் வயிறுதான் என்கிறாள். நான் உன் கடிதம்தான் என்கிறேன். ஆகவே அக்கா, கல்யாணத்துக்காக எடுத்த நீலப் பட்டு உடையைக் கடைக்காரன் திரும்ப வாங்கிக்கொள்வானா என்று பார். அத்தானுக்கு என் வணக்கங்கள். உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நம் தீவின் எல்லாப் புனிதர்களும் துணை நிற்கட்டும். உன் முழங்காலுக்கும் நிற்கட்டும். இனி என் ஆயுளில் கப்பலுக்குப் போய்த் தபால் கொடுப்பதைத் தவிர வேறெதற்கும் கடற்கரைப் பக்கம் போவதாக இல்லை என்று தெரிவித்துக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் தங்கள் அன்புக்குப் பாத்திரமான தம்பி,
அர்ஸெனிஸ்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. இதை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் கப்பலுக்காகத் துறைமுகத்தில் நின்றேன். கப்பல் வாயைத் திறந்தது. ஒரு லாரி இறங்கியது. ஓட்டுகிறவன் பக்கத்தில் எவான்தியா அம்மாள். பின்னால் இரும்புக் கட்டில், அலமாரி, தையல் இயந்திரம், இரண்டு ஆடுகள். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். "சம்பந்தி, சாமான் எறக்க ஆளைக் கூப்பிடுங்க. உங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தானே இருக்கு?" நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, இறங்கிக் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்குத் தண்ணியிலேருந்து சிரிச்சான் பாருங்க. அவங்கப்பா போனதுக்கப்புறம் எம்பிள்ளை அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பு மலையில வராது. அதான் நானே எறங்கி வந்துட்டேன்." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் படகிலேயே மேற்குக் கரையைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு வர வேண்டும், பெண்ணைப் பெற்றவர் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றார். மேமோஸிடம் இப்போதே பேசி முடித்துவிட்டார். தோரா படிக்கட்டில் பாடிக்கொண்டே அலமாரியைத் தூக்குகிறாள். ஸ்டமாதெல்லா என்னோடு பேசிவிட்டாள், ஆட்டை எங்கே கட்டுவது என்று. எனவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பட்டு உடையோடு வந்து சேர். நீ வரும்போது நான் இங்கே இல்லாவிட்டால் தேட வேண்டாம். மெத்ஸோவோவில், கடலே கண்ணில் படாத இடத்தில், ஒரு நல்ல வீடு இப்போது காலியாக இருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.