ஹெல்மெட்டம்மாவின் பட்டம்

பல்பு மாற்றுவதற்காக நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றிருந்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவி வீட்டில் இல்லாதபோது மட்டுமே செய்யக்கூடிய வீரச் செயல் அது. கதவு திறந்தது. மனைவியேதான். பட்டப்பகலில், வேலை நேரத்தில்.

"இறங்கிட்டேன், இறங்கிட்டேன்!" என்று மேலே நின்றபடியே அலறினார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பு எங்கே என்று கேட்கவில்லை. மெயினை அணைத்தீர்களா என்று கேட்கவில்லை. நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்தாள். அவர் அவசரமாக இறங்கி வந்தார்.

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி அவள். அங்கே அவளுக்குப் பெயர் ஹெல்மெட்டம்மா. முதலாளியே வெறுந்தலையோடு வந்தாலும் வாசலில் நிறுத்திவிடுவாள். அவள் வந்த பிறகு உலைக்கூடத்தில் யாருக்கும் விரல் நுனிகூடச் சுட்டதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் கண்ணில் என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே கணவர் இதைச் சொல்லிவிடுவார்.

"என்னம்மா ஆச்சு?"

"நான் படிச்ச தபால் காலேஜே போலியாம். பணம் கட்டினா பட்டம் கூரியர்ல வந்துருமாம். போலீஸ் பூட்டுப் போட்டாச்சு. எங்க ஃபேக்டரியிலயே நாலு பேரு மாட்டியிருக்கோம். நாளைக்கு விசாரணை. வேலை போயிரும்ங்க."

"அதெப்படிப் போகும்? நீ படிச்சியே! நீ படிச்ச படிப்புல நான் சமைக்கவே கத்துக்கிட்டேனே!"

"அதை யார் நம்புவா?"

"நான் சொன்னா நம்புவாங்க. உன் விடைத்தாளெல்லாம் அலமாரி மேல பெட்டியில இருக்கு. எடுத்துட்டுப் போவோம்."

"போவோமா? நீங்க எதுக்கு?"

"சாட்சிக்கு."

பெட்டியை எடுக்க மறுபடியும் ஸ்டூலில் ஏறினார். இந்தத் தடவை ஷூ போட்டுக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் அறையில் மற்ற மூன்று பேரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரக்கட்டுப்பாட்டுக்காரர் ஒருவர், ஸ்டோர்ஸ்காரர் ஒருவர், ஆளெடுக்கும் பிரிவின் தலைவர் ஒருவர்.

"பரீட்சையா? அதெல்லாம் எதுவும் கிடையாது சார்" என்றார் ஆளெடுப்பவர். "பணம் போட்டேன், பட்டம் வந்துது. ஃப்ரேம்கூட அவங்களே போட்டு அனுப்பிட்டாங்க."

மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

"பாருங்க, இவங்க வாங்கினதை வாங்கினேன்னு ஒத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும் எழுதினேங்கறீங்க. இல்லாத பரீட்சையை எப்படிம்மா எழுதினீங்க?"

கணவரால் பொறுக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து விடைத்தாள்களை மேஜையில் கொட்டினார். "இதோ சார்! எல்லாமே எங்க வீட்டு டைனிங் டேபிள்லதான் எழுதினா."

"வீட்லயா? யாரு கண்காணிச்சது?"

"நான்தான்!" என்றார் பெருமையாக. "தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்க விடலை, தெரியுமா?"

மேனேஜர் அதை எழுதிக்கொண்டார். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சரி, திருத்தினது?"

"அங்கே ஒரு புரொஃபசர் இருந்தார் சார்" என்றாள் அவள். "சிவப்பு மையில பக்கம் பக்கமா எழுதுவார். கேள்வித்தாள் எங்கே, பாடப் புத்தகம் எதுன்னு நான் விடாம போன் பண்ணுவேன். அவர்தான் பதில் சொல்வார்."

"நம்பணும்னா நான் எழுதியே தர்றேன் சார்" என்று கணவர் பேனாவைப் பிடுங்கி, கடகடவென்று ஒரு வாக்குமூலம் எழுதி நீட்டினார்.

மேனேஜர் அதையும் சிவப்பு மைக் குறிப்புகளையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். இரண்டும் கோழி கிளறின மாதிரிதான் இருந்தன.

"ஓஹோ. கண்காணிச்சதும் நீங்க, திருத்தினதும் நீங்க. பட்டம் அச்சடிச்சது யாரு சார், அதுவும் நீங்கதானா?"

"ஐயோ, என் கையெழுத்து இதைவிட மோசம் சார்!"

"என்னங்க" என்றாள் மனைவி, மிக மெதுவாக. "நீங்க பல்பே மாத்தியிருக்கலாம்."

அந்த நேரத்தில்தான் அரசாங்கத்தின் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து சேர்ந்தார். பாதுகாப்பு அதிகாரியே போலி என்றால் தொழிற்சாலையின் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் முடிவு அவர் கையில். ஒல்லியான மனிதர், சிரிக்கத் தெரியாத முகம். மேஜை மேல் கிடந்த தாள்களைப் புரட்டினார். சிவப்பு மைக் குறிப்பு ஒன்றில் அவர் விரல் நின்றது. பிறகு உலைக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

உலைக்கூடத்து வாசலில் அவள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"கண்ணுக்குக் கவசம் போடாம உள்ளே விட மாட்டேன் சார்."

"அம்மா, அவர் ஆய்வாளர்!" என்று மேனேஜர் பதறினார்.

"ஆய்வாளருக்கும் கண்ணு ரெண்டுதான் சார்."

வேலை போவது உறுதி என்று தெரிந்தும் இப்படி நிற்கிறாளே என்று கணவருக்கு நெஞ்சு விம்மியது. இவளைத்தானா நான் கட்டிக்கொண்டேன் என்று புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார். ஆய்வாளர் கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டார்.

உள்ளே அவர் கேட்காத கேள்வி இல்லை. அவளும் உலையிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை தொட்டுக் காட்டிப் பதில் சொன்னாள். உலையடியில் நின்ற தொழிலாளி ஒருவர், "எங்க ஹெல்மெட்டம்மாவை மாத்திடாதீங்க சார், என் பொண்டாட்டி அவங்களை நம்பித்தான் என்னை வேலைக்கு அனுப்புறா" என்று குறுக்கே புகுந்து சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்ததும் ஆய்வாளர் மேனேஜரிடம் சொன்னார்: "பட்டம் செல்லாது. அதுல மாத்தமில்லை. ஆனா எங்க துறைத் தேர்வை எழுதினா பதவிக்குத் தகுதி உண்டு. நானே சிபாரிசு பண்றேன். அதுவரைக்கும் இவங்க அந்த உலைக்கூட வாசல்லயே நிக்கட்டும். அந்த மூணு பேர் விஷயத்தை நீங்க பார்த்துக்குங்க."

மேனேஜர் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். கணவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். முகம் ஏன் இவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று அவருக்கே புரியவில்லை.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் அசையவில்லை.

"சார், பட்டம் போனாப் போகட்டும். தாளையெல்லாம் நீங்க பார்த்தீங்களே, ஒரே ஒரு சந்தேகம். பணம் கட்டின எல்லாருக்கும் பாஸ் போட்ட காலேஜ், மின்சாரப் பாதுகாப்புப் பாடத்துல என்னை மட்டும் எதுக்கு ஃபெயிலாக்குச்சு? நான் சரியாத்தான் எழுதியிருந்தேன். திரும்ப எழுதச் சொன்னாங்க, அதே பதிலைத்தான் எழுதினேன், முதல் வகுப்புல பாஸ். இன்னிக்கு வரைக்கும் அது உறுத்துது."

ஆய்வாளர் கதவைப் பார்த்தார். எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம், அந்தப் புரொஃபசர் நான்தான், அப்போ அங்கே வெறும் டைப்பிஸ்ட், நீங்க விடாம பாடம் கேட்டதால உங்க பேப்பரைத் திருத்தறதுக்காகவே படிக்க ஆரம்பிச்சவன், அந்த மின்சாரப் பாடம் மட்டும் எனக்குப் புரிய இன்னும் ஆறு மாசம் தேவைப்பட்டுச்சு."