ஈச்சமலை மட்டும் வேண்டாம்

பதுளை,
1913 பெப்ரவரி 15, சனி.

கண்ணியமிக்க மச்சான் இப்றாஹீம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை லரீபாவைக் கட்டிய புஹாரி ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கொழும்பில் மச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

என் மகன், உங்கள் மருமகன் ஷுக்ரி, தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரிப் படிப்பு முடித்து வந்து ஏழு வாரமாகிறது. இனி ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கைபழக வேண்டுமாம். எந்த ஆஸ்பத்திரி என்று கொழும்பு வைத்தியக் கந்தோர் கடிதம் போடுமாம். அது வந்தபாடில்லை. பண்டாரவளையிலிருந்து தபால் வண்டி வரும் நேரத்துக்குத் துணிக்கடையை அப்படியே விட்டுவிட்டுத் தினமும் ஓடுகிறேன், மகன் தரும் கடிதங்களையும் போகிற வழியில் நானே போடுகிறேன். தபால் மாஸ்டர் என் தலை தெரிந்தாலே கையை விரிக்கிறார். உங்கள் தங்கையோ, நுவரெலியாவாக இருந்தால் குளிருமே என்று பெட்டியில் கம்பளி அடுக்குகிறாள், காட்டுப் பக்கமாக இருந்தால் நுளம்பு கடிக்குமே என்று அதை எடுத்துவிட்டு நுளம்புவலை அடுக்குகிறாள், ஏழு வாரமாக அந்தப் பெட்டி மூடியதேயில்லை. சாரம் வாங்க வருகிற சாக்கில் ஊர்ச் சனம் என்னிடமே நாக்கை நீட்டிக் காட்டுகிறது. உத்தரவு வராமல் வைத்தியம் பார்க்கக்கூடாதென்று மகன் சொல்லியும் றஹீம் நானா கேட்கவில்லை. "உன்ட மகன்தான் புடுங்கணும்" என்று சொத்தைப் பல்லோடு காத்திருந்து, கன்னம் வீங்கி ஒரு கண்ணே மூடிப்போய்க் கடைசியில் நாட்டு வைத்தியரிடம் ஓடினார், இப்போது என்னோடு பேச்சில்லை. பதுளையிலேயே இடம் கிடைத்தால் கந்தூரிச் சோறு கொடுப்பதாக நேர்ந்து ஒரு கிடாயும் வாங்கிக் கட்டினேன். அது அவிழ்த்துக்கொண்டு வந்து நுளம்புவலையில் பாதியைத் தின்றுவிட்டது.

அது இருக்கட்டும். நான் எழுத வந்தது வேறு. பசறைக்குக் கீழே ஈச்சமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாம். காய்ச்சல் பிடித்த பூமி. அங்கே இருந்த அப்போதிக்கரி அதே காய்ச்சலில் மௌத்தாகி மூன்று மாசம். அங்கே என்ன நடக்கிறதென்று கொழும்புக் கந்தோருக்குத் தெரியாது, துணிக்கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீரய்யா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சேலை, கம்பளி என்று எடுத்தவர், மார்கழியிலிருந்து வெள்ளைத் துணி தவிர வேறொன்றையும் தொடுவதில்லை. பிரேதத்துக்குப் போடுகிற கோடி. பெரிய ஆளுக்கு எட்டு முழம். போன மாசம் ஒருநாள் வந்து மூன்று முழத் துண்டுகளாக வெட்டச் சொன்னார்.

"மூணு முழம் எதுக்குக் கங்காணி? ஒரு ஆளுக்குக் காணாதே?" என்றேன்.

"புள்ளைகளுக்குக் காணுங்க முதலாளி," என்றார்.

வெட்டினேன் மச்சான், வேறென்ன செய்ய? அன்றைக்கு மட்டும் பதினொரு துண்டு. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கக் கூசியது. ஆனாலும் யாபாரி யாபாரிதானே, போன கடிதத்தில் உங்கள் கடையிலிருந்து அனுப்பக் கேட்ட வெள்ளைத் துணி இரண்டு கட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் வெட்கத்தோடு இதிலேயே எழுதுகிறேன்.

பக்கத்து ஊர்க்காரன்தானே என்று ஷுக்ரியை அங்கே தள்ளிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவனுக்கும் கொஞ்சம் பயம் காட்டி வைப்போம், அந்த ஊர்ப் பேர் வந்தால் முடியாதென்று சொல்லட்டும் என்று, இரண்டு வாரத்துக்கு முன்னே பதினொரு துண்டுக் கதையை ஒன்றுவிடாமல் அவனிடம் சொன்னேன். முகம் வெளுத்து, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். அப்பாடா, உறைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. உங்கள் மாடியில் குடியிருக்கும் கிளாக்கர் அந்தக் கந்தோரில்தானே இருக்கிறார்? கடிதம் கண்டவுடன் மாடியேறிப் போய், காலைப் பிடித்தாவது, எங்கே போட்டாலும் சரி, ஈச்சமலை மட்டும் வேண்டாமென்று சொல்லுங்கள். எனக்கிருப்பது ஒரே பிள்ளை. எட்டு முழம் வெட்ட என்னால் முடியாது மச்சான்.

மச்சிக்கு எங்கள் ஸலாம். படைத்தவன் உங்கள் வீட்டிலும் கடையிலும் பறக்கத்தைச் சொரிவானாக, மாடியிலிருப்பவருக்கு இளகிய மனசைக் கொடுப்பானாக.

இப்படிக்கு,
உறக்கம் கெட்ட மச்சான்,
புஹாரி.

பி.கு. ஞாயிறு. நேற்று இதைத் தபாலில் போடப் போனால் கந்தோர்க் கடிதம் வந்து கிடக்கிறது. ஈச்சமலை. 'உமது வேண்டுகோளுக்கிணங்க' என்று தொடங்குகிறதாம். பயம் காட்டினேனே, அதற்கு மறுநாள் காலை ஓர் உறையை நீட்டி, "வாப்பா, போற வழியில இதையும் போட்டுருங்க" என்றான். என்னை ஈச்சமலைக்கு அனுப்புங்கள் என்று எழுதிய கடிதம் அது. முத்திரையை நாக்கில் நனைத்து ஒட்டியது நான். ஏன் மகன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். "நீங்கதானே வாப்பா எண்ணிச் சொன்னீங்க," என்கிறான். உங்கள் தங்கை அழுதுகொண்டே பெட்டியைப் பூட்டினாள். இன்று வீரய்யா வந்தார், நானும் பழக்கதோஷத்தில் கத்தரிக்கோலை எடுத்தேன். சங்கதியைக் கேட்டதும் அவர் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "துணி கெடக்கட்டுங்க முதலாளி, மொதல்ல ஐயாவக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். மகனும் அவருமாகப் பசறை வழியில் போய்விட்டார்கள். கிடாயை, மகன் சுகமாகத் திரும்பி வரும் நாளுக்கென்று மாற்றி நேர்ந்திருக்கிறேன். இதைப் படிக்குமுன்னே நீங்கள் மாடியேறியிருந்தால் இறங்கிவிடுங்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து கிடைக்கிற மட்டும் வாங்கி அனுப்புங்கள். வெள்ளைத் துணி வேண்டாம். ஏற்கெனவே ரயிலில் ஏற்றியிருந்தால் பண்டாரவளை ஸ்டேசனிலேயே கிடக்கட்டும், நான் போய் எடுக்கமாட்டேன்.