கரண்டி பிடித்த பீரங்கி

பீரங்கியை நம்பிப் பட்டாளத்தில் சேர்ந்து, பயிற்சி முடிந்த பிறகு ஒரு குண்டுகூடச் சுடாமல் பென்ஷன் வாங்குகிற ஒரே ஆள் உலகத்திலேயே எங்கள் பீரங்கி அண்ணன்தான். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் மேல்மாடிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

பயிற்சி முடிந்த கையோடு முகாம் சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. யாருக்குச் சமைக்கத் தெரியும் என்று அதிகாரி கேட்க, அண்ணன் கையைத் தூக்கித் தொலைத்தார். அன்று அவர் வைத்த கோழிக்கறியைச் சாப்பிட்ட அதிகாரி, அவரை அடுக்களையிலேயே போட்டுவிட்டார்.

"செமெந்தாரான்னுதான் தம்பி, அந்த அதிகாரி சொன்னான். தற்காலிகமாம். அந்தச் செமெந்தாரா நான் பென்ஷன் வாங்குற வரைக்கும் போச்சு."

அந்த முகாமே அப்படித்தானாம். பேண்டு வாசிக்கப் படித்தவன் லாரி ஓட்டினான். லாரி ஓட்டப் படித்தவன் முடி வெட்டினான். முடி வெட்டத் தெரிந்தவனைப் பீரங்கிக்கு அனுப்பினார்கள். அண்ணனுக்கு இன்றுவரை ஆறாதது அந்தக் கடைசி விஷயம்தான்.

பட்டாளத்தை விட்டு வெளியே வந்ததும் இனிமேல் கரண்டியைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டார். வீட்டில் தேத்தண்ணிகூடக் கலக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் ஜார்ஜ்டவுன் கோட்டைக்குப் போய், அங்கிருக்கும் பழைய பீரங்கியின் பக்கத்தில் நிற்பார். படம் எடுக்க வரும் சுற்றுலாக்காரர்களை, அதன் வாய்க்கு நேராக நிற்காதே என்று விரட்டுவார். நம் தாத்தா காலத்திலேயே ஓய்ந்துபோன பீரங்கி அது.

என் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், கேட்டரிங்காரர் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வேறு யாரும் கிடைக்கவில்லை. மனைவி அழ ஆரம்பித்தாள். நேரே மேல்மாடிக்கு ஓடினேன்.

"நான் பீரங்கி சுடுற கன்னர் தம்பி. சமையக்காரன் இல்ல," என்றார் அண்ணன், கதவைப் பாதி திறந்துகொண்டு.

"தெரியும் அண்ணே. நாளைக்கு மட்டும்தான். செமெந்தாரா லா."

வாய் தவறி வந்துவிட்டது. என்னையே முறைத்துப் பார்த்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். உள்ளே போனவர், பழைய பட்டாளத் தொப்பியோடு திரும்பி வந்தார்.

அன்று ராத்திரி மண்டபத்து அடுக்களையில் அவர் வைத்ததுதான் சட்டம். வக்கீல் சம்பந்தியை வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார். எலக்ட்ரீஷியன் தம்பியை அரிசி களையச் சொன்னார். காய் நறுக்க வந்த அக்காவை வாசலில் காடி நிறுத்தும் இடத்தைக் கவனிக்க அனுப்பினார்.

"அண்ணே, அக்காவுக்குத்தான் காய் நறுக்கத் தெரியும்," என்றேன்.

"தெரிஞ்ச வேலையக் குடுத்தா அது பட்டாளமா?"

மறுநாள் பந்தியில் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மகளின் மாமியார் இரண்டு தடவை பாயசம் குடித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லாம் முடிந்து, அண்ணன் கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"ஒரு நாள் குழம்புல உப்ப அள்ளிக் கொட்டியிருந்தா, மறுநாளே உங்கள பீரங்கிக்கு அனுப்பியிருப்பாங்களே அண்ணே?"

"நெனச்சேன் தம்பி. உப்பைக் கையில அள்ளிட்டேன். வெளிய பாத்தா, பயலுங்க மழையில நடந்து வந்து தட்டோட நிக்கிறானுங்க. எப்படிக் கொட்டுறது?"

இப்போதும் ஞாயிறானால் அவர் கோட்டைக்குப் போகிறார். சில வாரம் நானும் கூடப் போகிறேன். பீரங்கியின் வாய்க்கு நேராக மட்டும் நிற்பதில்லை.