ஒரு சத்தத்துக்கு ஒரு பொத்தான்

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், சத்தமில்லாமல் நலம். அங்கு தாங்களும் மகளும் பேத்தியும் நலமென்று நம்புகிறேன்.

தாங்கள் கல்லூரியில் பொருளாதாரம் போதிப்பவர். தங்கள் சொல்லில் நான் குற்றம் கண்டதாக நினைக்கக் கூடாது. போன முறை வந்தபோது, எங்கள் குடியிருப்பில் மேல்வீட்டுத் தச்சரின் சுத்தியலும் எதிர்வீட்டுப் பாட்டு டீச்சரின் பயிற்சியும் காதைக் கிழிப்பதைக் கேட்டு, "அமைதிங்கிறது பொதுச்சொத்து மாமா. சும்மா விட்டா ஆளாளுக்கு மேய்ஞ்சிடுவாங்க. சத்தம் போடற உரிமையை அளந்து கொடுங்க, தேவைப்பட்டவங்க வித்து வாங்கிக்கட்டும். மிச்சத்தைச் சந்தை பாத்துக்கும்" என்றீர்கள். நானும் சங்கச் செயலாளர் என்கிற மிதப்பில் தலையாட்டிவிட்டேன்.

தையல்காரரிடம் நீலப் பொத்தான்கள் வாங்கி, வாரந்தோறும் வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தோம். மிக்ஸி ஓட்டினாலோ, ஆணி அடித்தாலோ, குரலை உயர்த்தினாலோ காவலாளியின் டப்பாவில் ஒரு பொத்தான் போட வேண்டும். சந்தை ஜேஜே என்று நடந்தது. வாயே திறக்காத நூலகர் தன் பொத்தான்களைத் தச்சருக்குக் கொடுத்து ஒரு புத்தக அலமாரி கேட்டார். அலமாரி செய்த சத்தத்துக்கே அத்தனையும் தீர்ந்துபோயின. மேல் ஸ்தாயிக்கு ஏறிய பாட்டு டீச்சர், இறங்கப் பொத்தானில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். நீலப் பொத்தான் வைத்த சட்டையை இப்போது யாரும் கொடியில் காயப்போடுவதில்லை.

ஆனாலும் அமைதி வந்தது உண்மை. குருவி கத்துவதெல்லாம் கேட்டது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவதாக நீங்கள் எழுதினீர்களே, வினை அன்றைக்குத்தான் பிடித்தது. பச்சைக்குழந்தை ஒரு பொழுது அழுதால் எங்கள் பங்கு காலி. உடனே உங்கள் அத்தை சேமிப்பில் இறங்கிவிட்டாள். மிக்ஸி பரணுக்குப் போயிற்று, குறட்டை விடுகிற நான் மொட்டைமாடிக்குப் போனேன். என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாள் முதல் இப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை, பயமாக இருக்கிறது. சரி, வாங்கிப் பார்ப்போமென்று வீடு வீடாகப் படியேறினேன். எல்லோரும் கைவிரித்தார்கள். தச்சர் சுத்தியலைத் தொடுவதில்லை, டீச்சர் வாயைத் திறப்பதில்லை, ஆனால் பொத்தான் மட்டும் விற்பனைக்கு இல்லையாம். பதுக்கல் மாப்பிள்ளை, பட்டப்பகல் பதுக்கல்.

ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன்: இப்போது வர வேண்டாம். பேத்தியைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஆனால் அழுவதற்கும் அளவு வைத்திருக்கும் வீட்டில் அவளுக்கு என்ன வேலை?

மூவரும் வாய்விட்டுச் சிரித்து, நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் தச்சரும் டீச்சரும் நூலகரும் பை நிறையப் பொத்தான்களோடு வாசலில் வந்து நின்றார்கள். இத்தனை நாளும் பேத்திக்காகத்தான் சேர்த்தார்களாம். "குழந்தை ஆசைதீர அழட்டும் சார். இதைப் போய் எப்படி விக்கிறது?" என்றார் தச்சர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன், கிழிக்கிற சத்தத்துக்கும் பொத்தான் கேட்பானே காவலாளி என்று விட்டுவிட்டேன். அதையெல்லாம் மறந்துவிட்டு அடுத்த வண்டியிலேயே புறப்பட்டு வாருங்கள். பையைக் கண்டதும் உங்கள் அத்தை, இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் என் மேல் கொட்டத் தொடங்கிவிட்டாள். பாதிப் பை காலி.