ஒன்பது படகுகளுக்கு ஒரு பேட்டரி

டீசல் எஞ்சினுக்குப் புறப்படத்தான் பேட்டரி வேண்டும். புறப்பட்ட பிறகு வேண்டாம். இந்த எளிய உண்மை எங்கள் தீவில் எல்லாருக்கும் நெடுங்காலமாகத் தெரியும். அதனால் யாருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை. அது ஒரு அரசு அலுவலகத்துக்கும் தெரியவந்ததுதான் வினை.

தெரியப்படுத்தியவன் நான்.

பலமிடா மீன் கரையோரம் வரத் தொடங்கிய வாரத்தில் டிங்காவின் படகில் பேட்டரி செத்துப்போனது. பலமிடா மூன்று வாரம் வரும், போய்விடும். டிங்காவுக்கு அந்த மூன்று வாரம்தான் வருஷம். நேராகக் காப்பிக் கடைக்கு வந்து நின்றாள்.

"என்ன பேட்டரி போடலாம்? ஆளாளுக்குச் சொல்லித் தொலைங்க. எப்படியும் சொல்லத்தான் போறீங்க."

பெப்போ முந்திக்கொண்டான். "மேல எதுல பெரிய நம்பர் போட்டிருக்கோ அதை வாங்கு. நான் வாங்கலையா?"

"உன்னுது விளக்கு எரிக்கிற பேட்டரி பெப்போ. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கும். எனக்குக் காலையில ஒரே உதை, எஞ்சின் எந்திரிக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப லித்தியம் வாங்கு. ரொட்டி மாதிரி லேசு. போன்ல உன்கூடப் பேசும்."

"என் புருஷனே பேசமாட்டான். பேட்டரி பேசி என்னத்துக்கு?"

நகரத்துப் பெட்ரோல் பங்கில் சாதாரண கார் பேட்டரி கிடைக்கும். மறுநாளே படகில் ஏறியிருக்கும், கதையும் முடிந்திருக்கும். ஆனால் மீனவர் சங்கச் செயலாளன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தானே. "விண்ணப்பம் போட்டால் அரசாங்கம் இனாமாகத் தரும்" என்றேன். இனாம் என்ற சொல்லைக் கேட்டதும் கடையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடலோரச் செயல்திறன் மேம்பாட்டுத் துறையிலிருந்து திரு. லூகெட்டின் விசைப்படகில் வந்து இறங்கினார். வெள்ளைக் காலணி. டிங்காவின் படகுக்குள் எட்டிப் பார்த்து, இறந்த பேட்டரியைப் பற்றி விசாரித்தார்.

"இது ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்யும்?"

"மூணு விநாடி, ஐயா."

"மீதி நேரம்?"

"சும்மா கெடக்கும்."

"நாள் முழுக்கச் சும்மாவா!"

"ஏன் ஐயா இப்படி அதிர்ச்சி ஆகறீங்க? நான் உங்க ஆபீசுக்கு வந்திருக்கேன்."

லூகெட்டின் சிரிக்கவில்லை. அவர் மனம் ஏற்கனவே துறைமுகம் முழுவதும் உலவிக்கொண்டிருந்தது. ஒன்பது படகுகள், ஒன்பது பேட்டரிகள், ஒன்பதும் சும்மா. பெருநகரங்களில் இப்போது மக்கள் காரைப் பகிர்கிறார்கள், சைக்கிளைப் பகிர்கிறார்கள், மணிக்கணக்கில் நாயைக்கூடப் பகிர்கிறார்கள். மீனவர்கள் மட்டும் ஆளுக்கொரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு பொதுநலனுக்கு ஊறு விளைவிப்பதா?

டிங்கா ஒரு பேட்டரி கேட்டாள். அரசு எட்டு பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போனது. அதற்குப் பெயர் பதிலீடு.

படகுத்துறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று முளைத்தது. உள்ளே லித்தியம் பேட்டரி, மணப்பெண் மாதிரி. முன்பதிவு போனில். பெட்டிச் சாவி என்னிடம். ஒரு படகைக் கிளப்பியதும் பேட்டரியைக் கழற்றி அடுத்த படகுக்குக் கொடுக்க வேண்டும். சொந்த பேட்டரி வைத்திருப்போருக்கு மலிவு விலை டீசல் ரத்து. 'பொதுத் தொடக்க நிலையம்' ரிப்பன் வெட்டித் திறக்கப்பட்டது. வெட்டிய கத்தரிக்கோலையும் நாங்கள் பகிர்ந்துகொண்டோம்.

யார் முதலில் எடுப்பது? படகுப் பெயரின் அகரவரிசைப்படி என்று முன்மொழிந்தேன். என் படகின் பெயர் அடெலா. டிங்காவின் படகு ஸோரா. எங்கள் மொழியில் விடியல் என்று பொருள். விடியலின் முறை வரும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும், பலமிடா போயிருக்கும்.

"யெர்கோ, என்னை ஒரு நாள் முன்னாடி விடேன்" என்றாள் டிங்கா.

"விதி இருக்கே டிங்கா."

"மீனுக்கு அகரவரிசை தெரியுமாடா?"

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடத்தோடே என் படகை முதலில் கிளப்பினேன்.

முதல் நாட்களில் கடலில் யாரும் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் யார் வந்து கிளப்புவது? வலை போடும்போதும் ஓடியது, எடுக்கும்போதும் ஓடியது, வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது படகுத்துறையிலும் ஓடியது. சத்தத்தில் மீன் மிரண்டது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கெடுத்த துறையோ, எங்கள் துறைமுகத்தின் உழைப்பு பன்மடங்கு பெருகிவிட்டதாகக் கண்டுபிடித்து விருது அறிவித்தது.

குளிர் அதிகமான காலைகளில் பேட்டரி தன் நலன் கருதி உறங்கிவிடும். நாங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அது கண் விழிக்கும்வரை பெட்டி முன்னால் நிற்போம். இவ்வளவு பொறுமை எங்களுக்கு எப்படி வந்தது என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

விருது நாள் வந்தது. தெற்குக் காற்று பலமாக வீசியது. லூகெட்டினின் விசைப்படகு துறைமுக வாயிலுக்கு வெளியே சட்டென்று அடங்கிப்போய்ப் பாறைப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. மறுபடி கிளப்ப அவருடைய பேட்டரி? அண்டைத் தீவு அலுவலகத்தோடு பகிரப்பட்டிருந்தது.

போனில் அலறினார். "படகு அனுப்புய்யா!"

"சாவி போட்டும் பெட்டி திறக்கல ஐயா. ஏதோ புதுப்பிச்சுக்கிட்டிருக்காம். பொறுத்திருக்கவும்னு காட்டுது."

"யார்கிட்டயாவது வேற பேட்டரி இருக்கா?"

போனை உயர்த்திப் பிடித்து எல்லாரையும் கேட்டேன். பெப்போ தன் காலணியைப் பார்த்தான். மற்றவர்கள் வானிலையைப் பார்த்தார்கள்.

"தூ! ஆம்பளைங்களாம்" என்று சொல்லி டிங்கா ஸோராவில் குதித்தாள். வலையை ஒதுக்கினாள். சாவியைத் திருப்பினாள். ஒரே உதை, எஞ்சின் எழுந்தது.

"அடிப்பாவி! தனி பேட்டரி வெச்சிருக்காளே!" என்று பெப்போ நெஞ்சில் கை வைத்தான். எல்லாரும் அவரவர் நெஞ்சில் கை வைத்தோம்.

பாறைக்கு ஒரு முழம் இருக்கும்போது கயிறு வீசி, லூகெட்டினை இழுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக் காலணியில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் விருது வழங்கினார். 'பொதுத் தொடக்க முறையின் பயனாக ஓர் உயிர் காக்கப்பட்டது' என்று பேசினார். பரிசு, இன்னொரு கண்ணாடிப் பெட்டி. கைதட்டல் ஓய்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். டிங்கா வரிசை தாண்டியதும் தனியுடைமை வைத்திருந்ததும் பாரதூரமான குற்றங்கள். ஸோராவைக் கட்டிப்போடும் பொறுப்பைச் சங்கத்திடமே விடுவதாகச் சொன்னார்.

பலமிடா போகும்வரை ஸோரா கடலுக்குப் போகக் கூடாது என்ற தீர்மானத்தை நான் வாசித்தேன். எட்டுக் கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. கொஞ்சம் மெதுவாகத்தான் உயர்ந்தது. அதைக் குறிப்பில் எழுத இடமில்லை.

டிங்கா படகுக்குப் போனாள். வலைக்கடியில் ஒளித்திருந்த கறுப்புக் கார் பேட்டரியைத் தூக்கிவந்து காப்பிக் கடை மேசையில் தொம்மென்று வைத்தாள்.

"எனக்கு இனிமே எதுக்கு? யாருக்காவது வேணுமா?"

"எங்களுக்கு எதுக்கு டிங்கா? பொது பேட்டரி இருக்கே" என்றான் பெப்போ.

மறுநாள் காலை கண்ணாடிப் பெட்டியின் சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். பாதிக் கடல் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் ஏழு படகுகளும் சரியான நேரத்துக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தன.