ராத்திரி ராஜாவின் அறை

நான் கல்யாணமாகாதவன். பத்திரிகையில் மட்டும்.

நகரத்துப் பாட்டு, உடுப்பு, கேளிக்கை எல்லாவற்றையும் வழவழ தாளில் போடும் மாதப் பத்திரிகை அது. அதில் 'ராத்திரி ராஜா' என்ற பெயரில் எழுதும் கட்டைப் பிரம்மச்சாரி அடியேன்தான். ஊர் தூங்கிய பிறகு கிடார் சத்தம் தேடி அலைபவன். நிஜத்தில் எட்டரைக்கே கொட்டாவி. புதுப் பாட்டை எல்லாம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என் மனைவி கேட்டுச் சொல்வாள். பஸ்ஸில் யார் எந்த மாதிரி சட்டை போட்டிருந்தார்கள் என்பதும் அவள் உபயம். நான் அதன்மேல் கொஞ்சம் நிலா வெளிச்சம் தெளிப்பேன். அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் ஆசிரியர் என் தலையில் இடியை இறக்கினார்.

"சனிக்கிழமை உன் அறையைப் படம் எடுக்க ஆள் வருது. பிரம்மச்சாரி அறைன்னா வாசகருக்கு உசிரு. ஏதாவது சொதப்பின, பகுதியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்!"

வீட்டிலோ எங்கே பார்த்தாலும் குழந்தைத் துணி. கொடியில், நாற்காலியில், என் தோளில்.

"ஏம்மா, சனிக்கிழமை பூச்சிமருந்து அடிக்க வர்றாங்க. குழந்தைக்கு ஆகாது. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலமா வாயேன்."

"என்ன பூச்சி?"

"கரப்பான்."

"நம்ம வீட்ல கரப்பானே இல்லீங்களே?"

"வராம இருக்கத்தான் அடிக்கிறாங்க."

"அப்ப நீங்க?"

"கூட நின்னு பாத்துக்கறேன். என்னை எந்த மருந்தும் ஒண்ணும் செய்யாது."

"அது எனக்குத் தெரியும். எத்தனை வருஷமா அடிச்சுப் பாக்கறேன்!"

சிரித்துக்கொண்டே துணிகளை மூட்டை கட்டினாள். இவ்வளவு சுலபமாகக் கிளம்புகிறாளே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை. கறுப்புக் கோட்டு. இரவல் கிடார். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. சுவரில் ரெண்டு இடி இடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். கேமராவுடன் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் புதுச் சேலையில் என் மனைவி, இடுப்பில் குழந்தை.

"நீ எங்கேம்மா இங்க?"

"நீங்க பூச்சின்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க ஆபீசுலேர்ந்து போன் வந்துச்சுங்க. கேமராவோட வர்றோம், வழி சொல்லுங்கன்னாங்க. அப்படியே உங்க ஆசிரியர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசினேன்."

"என்னன்னு?" கையிலிருந்த கிடார் தானாகவே டொய்ங் என்றது.

"பாட்டெல்லாம் கேட்டுச் சொல்றது நான்தான்னேன். அப்ப இந்த மாசப் பாட்டு எப்படிம்மான்னு கேட்டாரு. அடிபிடிச்ச பாத்திரம் தேய்க்கத் தோதான தாளம், காதுல கேக்க ஆகாதுன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. இனிமே நீங்களே எழுதுங்கன்னுட்டாரு."

"ஐயோ, என் பகுதி?"

"எங்கே போயிடுச்சு? நம்ம வீட்லதானே இருக்கு!"

கேமராப் பெண் குறுக்கிட்டாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க கோட்டு வெளிச்சத்தை மறைக்குது."

இந்த மாத இதழைப் பாருங்கள். 'ராத்திரி ராணி' என்று முழுப்பக்கப் படம். குழந்தையோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் பால்புட்டியை நீட்டியபடி ஒரு கை தெரிகிறதல்லவா?

அது நான்.