டெலாவர் மாநிலம், கண்டரமாணிக்கம்

தனியாக இருக்கிறவனிடம் வீட்டு அக்ரிமெண்டை எழுதக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் பாட்டுக்குக் கனவை டைப் அடித்துக்கொண்டிருப்பான். நடுவில் சட்டம் எந்தப் பக்கம் இறங்கிப் போனது என்று அவனுக்கே தெரியாது. எங்கள் குடும்பம் இதை மொத்தமாகக் கூடி உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே தெரிந்துகொண்டது. போனது என் மானம் மட்டும்தான்.

முதலில் என் பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் படித்தேன். கோர்ட்டுக்குப் போகவில்லை. (கறுப்புக் கோட்டு, சிவகங்கைச் சீமை வெயில். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.) வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு கம்பெனி கூப்பிட்டது. அமெரிக்கக் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் படித்து, எங்கே இடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரே சந்தோஷம். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக என்று நினைத்தேன். இல்லை, கண்டரமாணிக்கத்து வீட்டுக்குச் சம்பளம் கேட்காத வாட்ச்மேன் கிடைத்ததற்காக.

"ஒனக்கு என்னப்பா வேணும்? கரண்டு, நெட்டு. ரெண்டும் ஊர்ல இருக்கு. போய் இரு" என்று சென்னையில் பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்வாசலில் கொரியர்காரர் கூப்பிட்டால், நான் நடந்துபோய்ச் சேர்வதற்குள் 'வீட்டில் ஆள் இல்லை' என்று மெசேஜ் வந்துவிடும். நடுவில் வானம் பார்த்த முற்றம், எங்கள் பேச்சில் வளவு. அதைச் சுற்றிலும் அறைகள். கல்யாணம் ஆன ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு. பெரியப்பா சென்னையில், சித்தப்பா கோயம்புத்தூரில், பூட்டுகள் மட்டும் ஊரில். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று வருவேன். பெரியப்பா பூட்டு, வணக்கம். சித்தப்பா பூட்டு, வணக்கம். சித்தப்பா பூட்டு கொஞ்சம் முறைக்கும்.

கூடப் படித்தவன் எல்லாம் பெங்களூரில். குரூப்பில் நான் ஒரு ஜோக் போட்டால் மறுநாள் ஒரு கட்டை விரல் வரும். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோரும் கறுப்புக் கட்டமாக இருப்பார்கள். ஒருநாள் நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "சார், கனெக்‌ஷன் நல்லாருக்கா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சில குறைகளைக் கண்டுபிடித்துப் பேச்சை இழுத்தேன். மறுநாளே ஏணியோடு ஆள் அனுப்பிவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார்?" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன்.

இந்த நிலைமையில்தான் மதுரையிலிருந்து அந்த ஹோட்டல் மேனேஜர் வந்தார். வீட்டின் முன்பாதியை வாடகைக்கு எடுத்து வெளிநாட்டு விருந்தாளிகளைத் தங்கவைக்க அவருடைய முதலாளிக்கு ஆசையாம். அப்பச்சியும் பெரியப்பாவும் சித்தப்பாவும் வாடகையைப் பற்றிப் போனில் பேசினார்கள். எனக்கு அந்தக் கணக்கே காதில் ஏறவில்லை. ஹோட்டல் என்றால் சமையல்காரர் இருப்பார், அவர் யாரையாவது திட்டுவார். ரிசப்ஷனில் ஒரு ஆள், வளவில் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஒரு ஆள். கூட்டமாக வந்து தூணைப் படமெடுக்கிறவர்கள். வீட்டுக்குள் மனிதச் சத்தம்! எதற்கும் இருக்கட்டும் என்று காரைக்குடிக்குப் போய் புதுச்சட்டை ஒன்று எடுத்துவந்தேன். கண்ணாடி முன்னால் நின்று "வெல்கம்" சொல்லியும் பார்த்தேன். (சிரிக்காதீர்கள். நீங்கள் பூட்டுகளோடு குடித்தனம் நடத்தியதில்லை.)

"அக்ரிமெண்ட்டுக்கு வெளியாளு எதுக்கு? நம்ம சொக்கு இருக்கான்ல" என்றார் பெரியப்பா. சொக்கு நான்தான்.

எழுதினேன். ஆபீஸில் தினமும் புழங்கும் ஒப்பந்த மாதிரியை எடுத்து, பெயர்களை மாற்றி, சர்வே எண் போட்டு, வளவுத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்றெல்லாம் சேர்த்து, முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுத்தேன். பாதி மூளை ஒப்பந்தத்தில், மீதி மூளை விருந்தாளிகளுக்கு இட்லி பரிமாறுவதில்.

கையெழுத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். சென்னையிலிருந்து அப்பச்சியும் பெரியப்பாவும், கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், உலகத்தில் யார் சொன்னாலும் இரண்டாவது கொட்டேஷன் கேட்பார். பூட்டுகள் திறந்தன. அறைகளில் காத்தாடிகள் சுற்றின. சித்தி வந்ததும் வராததுமாக, "இந்த வீட்ல எப்புடிடா தனியா இருக்க? ஆளு எளச்சுப் போயிட்ட" என்றார். "டயட் சித்தி" என்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வளவில் ஜமக்காளம் விரித்தோம். மேனேஜர் ஒரு அளவு டேப்பை இழுத்து இழுத்து, ரிசப்ஷன் மேஜை எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மூத்தவர் என்பதால் முதலில் பேனாவை எடுத்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாக்கலையாண்ணே?" என்றார் சித்தப்பா.

"நம்ம புள்ள எழுதுனதுடா."

"எனக்குப் படிச்சுச் சொல்லட்டும். அப்புறம் போடுறேன்."

இந்த ஒரு வாய்ப்புக்காகத்தானே சட்டம் படித்தேன்! எழுந்து நின்றேன். புதுச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சித்தப்பா, ஒப்பந்தத்துல மொதல்ல வரையறைன்னு ஒரு பகுதி வரும். ஒரு வார்த்தைக்கு அங்க என்ன அர்த்தம் சொல்றோமோ, கடைசிப் பக்கம் வரைக்கும் அதுக்கு அதுதான் அர்த்தம். ஊர்ல என்ன அர்த்தம், நம்ம என்ன நெனச்சோம், எதுவும் செல்லாது."

"அப்ப எழுதுனா எழுதுனதுதானா?"

"எழுதுனா எழுதுனதுதான். அதான் சித்தப்பா சட்டம்."

மேனேஜர் டேப்பை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பார்த்தார். அப்பச்சி முகத்தில், காசு வீணாகவில்லை என்ற நிம்மதி. நான் ராகம் போட்டுப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"உரிமையாளர்கள்னா, நம்ம மூணு பங்கு. வாடகைதாரர்னா, ஹோட்டல். வீடுன்னா, இந்த வீடு. மாநிலம்னா, டெலாவர் மாநிலம். மாதம்னா, இங்கிலீஷ் மாதம்…"

"இருப்பா இருப்பா" என்றார் சித்தப்பா. "மாநிலம்னா என்னது?"

"டெலாவர்" என்றேன் தெளிவாக. வாய்க்குப் பழக்கம். தினமும் அதைத்தானே படிக்கிறேன். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் பாதிக்கு மேல் அந்த மாநிலத்தில்தான் பதிவாகியிருக்கும். என் கண்ணுக்கு அந்த வரி வாசற்படி மாதிரி ஆகிவிட்டது. தாண்டுவேன், பார்க்க மாட்டேன்.

"அது எங்குட்டு இருக்கு? தேவகோட்டைக்கு அங்குட்டா?"

அப்போதுதான் வாய் சொன்னது மூளைக்கு வந்து சேர்ந்தது.

"அமெரிக்கால, சித்தப்பா."

பெரியப்பா கையிலிருந்த பேனாவுக்கு மூடியை மாட்டினார்.

"சின்னத் தப்புதான். 'தமிழ்நாடு'ன்னு பேனாவால திருத்தி, எல்லாரும் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டா…"

"மேல படி" என்றார் சித்தப்பா.

"இல்ல, அது…"

"எழுதுனா எழுதுனதுதான்னு நீதானப்பா சொன்ன? படி."

படித்தேன். உரிமையாளர்கள் தங்கள் வீடு மேற்படி மாநிலத்துக்குள் அமைந்திருப்பதாக உறுதி கூறுகிறார்கள். அதாவது கண்டரமாணிக்கத்து வீடு அமெரிக்காவில் இருப்பதாகப் பெரியப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு உறுதி கூறிவிட்டார். சமையலறைக்கு மாநிலத் தீயணைப்புத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். மாநில அரசு விடுமுறைகளில் வெள்ளையடிப்பு கூடாது.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாமா?" என்றார் சித்தி.

"அங்க பொங்கலுக்கு லீவு இல்ல சித்தி. அடிக்கலாம்."

"அப்ப நல்லதுதான்."

கடைசியில் இருந்தது குண்டு. தகராறு ஏதும் வந்தால், மாநிலத்தின் நீதிமன்றங்களில் மட்டுமே வழக்காட வேண்டும்.

"வாடகை வரலைன்னா நான் அமெரிக்காவுக்குப் போயி கேஸ் போடணுமா?" சித்தப்பாவின் குரல் ஏறியது.

பெரியப்பா நல்லவர். நான் வேர்த்து நிற்பதைப் பார்த்து, காப்பாற்ற நினைத்தார். காப்பாற்றுகிறேன் என்று அவர் சொன்னதுதான் வீட்டையே கவிழ்த்தது.

"அதுக்கு ஏண்டா சத்தம் போடுற? நம்ம மீனா நியூஜெர்சிலதான இருக்கா. டெலாவர் பக்கத்துலதான். கேசுன்னா அவ வீட்ல தங்கிக்கிரலாம்."

சித்தப்பா மெதுவாகப் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"ஓஹோ."

"என்னடா ஓஹோ?"

"மக இருக்குற எடத்துலயா கோர்ட்டு? அதான் படிக்காமலே கையெழுத்துப் போட்டீகளா? இந்தப் பயகிட்ட முன்னாடியே பேசி வச்சிருக்கீக!"

"டேய், நான் எதுக்குடா கோர்ட்ட அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் போறேன்?"

"அத நீங்கதான் சொல்லணும். கெழக்குப் பக்கத்து அறையையும் இப்படித்தான் நைசா வாங்குனீக!"

அவ்வளவுதான். கிழக்குப் பக்கத்து அறை, அதன் பீரோ, அந்தப் பீரோவுக்குள் இருந்த பித்தளைத் தூக்கு, யாரோ கல்யாணத்தில் யாரோ யாரையோ சாப்பிடச் சொல்லாதது, எல்லாம் வரிசையாக வளவுக்கு வந்தன. அப்பச்சி நடுவில் கையைத் தூக்கியபடி நின்றார். அவர் பங்குக்கு ஒரு குற்றச்சாட்டு வந்ததும் கையை இறக்கிவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். நான் ஆசைப்பட்ட மனிதச் சத்தம் இதோ வந்துவிட்டது. நான் நினைத்தது இந்த ரகம் இல்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் ஓரமாகப் போய்ப் போனில் பேசினார். "இல்ல முதலாளி, வீடு நல்லாத்தான் இருக்கு. பங்காளிக்குள்ளதான்… ஆமா… சரிங்க, சரிங்க."

டேப் சர்ரென்று உள்ளே சுருண்டது. இப்போதும் எந்தக் கடையில் அந்தச் சத்தம் கேட்டாலும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுவேன். வாசல்வரை அவர் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நாளைக்கே வேற தாள்ல மாத்தி எழுதிடுறேன். தமிழ்நாடுன்னு தெளிவா எழுதிடுறேன்."

"தம்பி, தாள மாத்திடுவீங்க. அங்க உள்ளவங்கள மாத்த முடியுமா? பங்காளி சண்ட உள்ள வீட்ட எங்க முதலாளி தொட மாட்டாரு" என்றார். கெட்டவர் இல்லை. போகும்போது, "புதுச் சட்ட நல்லாருக்கு" என்றார்.

நான் திரும்பி வந்தபோது, தன் நேர்மையை நிரூபிக்கப் பெரியப்பா மகளை வீடியோ காலில் கூப்பிட்டிருந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. மீனா பல் தேய்க்கும் பிரஷோடு திரையில் வந்தாள்.

"நீ டெலாவர்ல எதும் எடம் கிடம் வாங்கிப் போட்ருக்கியாத்தா? ஒன் சித்தப்பன்ட சொல்லு!"

"டெலாவர்லயா? ஒரே ஒரு தடவ போயிருக்கேன் அப்பச்சி. ஃபிரிட்ஜ் வாங்க. அங்க கடைல வாங்குனா டாக்ஸ் கெடையாது."

சித்தப்பா திரைக்குக் கிட்டே வந்தார்.

"என்னாது? டாக்ஸ் கெடையாதா?"

"கெடையாது சித்தப்பா."

ஹார்டுவேர் கடைக்காரர் வளவை ஒரு சுற்றுப் பார்த்தார். தூண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப ஏப்பா திருத்துற? வீடு அங்குட்டே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

முதலில் சிரித்தது சித்தி. அப்புறம் மீனா, பிரஷ் தவறி எங்கேயோ விழுந்தது. பெரியப்பா சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிவைத்திருந்து, தோற்று, தூணில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். வாசல் பக்கம் பார்க்காமல் சிரித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் வளவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். "சட்னிக்கு வரையறை என்னப்பா?" என்று சித்தப்பா கேட்டார். "டெலாவர்ல தண்ணி வருதா?" என்று அப்பச்சி குழாயடியிலிருந்து கத்தினார். இப்படி எல்லோரும் என்னை ஓட்டிக்கொண்டிருக்க, நான் கோபப்படுகிற மாதிரி நடித்துக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

காலையில் காத்தாடிகள் நின்றன. ஒவ்வொரு அறையாகப் பூட்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரே ஆட்டோவில் காரைக்குடிக்குப் போனார்கள். பெட்டியை யார் மடியில் வைப்பது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் தெருமுனை வரைக்கும் சண்டை. ஆட்டோ தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே வந்து ஜமக்காளத்தை மடித்தேன். பெரிய ஜமக்காளம், ஓர் ஆளால் மடிக்க முடியாது. சுருட்டித்தான் வைத்தேன்.

ஹோட்டல்காரர்கள் இன்னொரு ஊரில் வேறு வீடு பிடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் வாசலில் விருந்தாளிகள் நிற்பது தெரியும். நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கிவிட்டு, பிறகு போய்விடுவேன். முத்திரைத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. சொந்தக்காரர் கல்யாணத்தில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "இவன்தான் வீட்ட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். குடும்ப வாட்ஸப் குரூப்புக்குச் சித்தி வைத்த பெயர், டெலாவர் மாநிலம்.

முன்பெல்லாம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டதே இல்லை. இப்போது கூப்பிடுகிறார். கடையில் வியாபாரம் இல்லாத மத்தியானமாகப் பார்த்துக் கூப்பிடுவார். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான். நேற்றும் அதேதான்.

"ஏப்பா, டெலாவர்ல மழையா?"

நேற்று நிஜமாகவே மழை. போனை எடுத்துக்கொண்டு வளவுக்கு ஓடினேன். நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் போனை மழைக்குக் கிட்டே பிடித்தேன். புதுச்சட்டையின் கை நனைந்தது. (அதைத்தான் வீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு எங்கே போட?)

அந்தப் பக்கம் அவர் கடைக் காத்தாடியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நல்லாக் கேக்குதுப்பா" என்றார். "சரி, வச்சிரவா?"

"இருங்க சித்தப்பா, வச்சிராதீக" என்றேன். "இன்னும் பெய்யுது."